வேர்ப்புழுவைக் கொல்லும் நூற்புழு உங்கள் மண்ணிலேயே இருக்கிறதா? தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புரட்டாசி, ஐப்பசியில் கரும்புத் தோட்டத்துக்குள் நடந்தால், மண் நல்ல ஈரமாக இருக்கும்போதே சில தூர்கள் மட்டும் மஞ்சளித்து வாடி நிற்பதைப் பார்க்கலாம். பிடித்து இழுத்தால் தூர் கையோடு வந்துவிடும். அடியில் வேர் இருக்காது. அந்த இடத்தில் ஒரு முழம் தோண்டினால், அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் கொழுத்த வெள்ளைப் புழுக்கள் நாலைந்து கிடைக்கும். இதுதான் வேர்ப்புழு. கோடை மழை விழுந்ததும் சாயங்காலம் வேப்பமரத்தில் மொய்க்கும் பழுப்பு வண்டின் பிள்ளை.

சத்தியமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தில் இப்படித் தோண்டிக்கொண்டிருந்தபோது ஒன்பது புழுக்கள் உயிரோடு நெளிந்தன. பத்தாவது மட்டும் அசையாமல், செங்கல் பொடியில் தோய்த்தெடுத்ததுபோல் சிவந்து, துவண்டு கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். செத்த புழுவுக்கு வரவேண்டிய அழுகல் வாடை துளியும் இல்லை. அதைப் பத்திரமாக ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வந்தேன். பத்து நாள் கழித்து அதன் உடம்பிலிருந்து ஆயிரக்கணக்கில் நூற்புழுக்கள், அதாவது நூலிழைபோல் மெல்லிய நுண்புழுக்கள், தண்ணீருக்குள் இறங்கின. பூச்சியைக் கொல்லும் நூற்புழு நம் மண்ணில் இருக்கிறது என்று படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, கண்ணால் பார்ப்பது வேறு.

அப்படிப்பட்ட நூற்புழுக்களை முறையாகத் தேடி, பிடித்து, உறுதிசெய்து, பதிவுசெய்யும் வழியை இங்கே எழுதியிருக்கிறேன். பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். கடைசிப் படியைத் தவிர எல்லாவற்றையும் ஒரு பள்ளியின் அறிவியல் அறையிலோ, உழவர் குழுவின் சின்ன அறையிலோ செய்துவிடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

"ஏனுங்க தம்பி, நூற்புழுவ ஒழிக்கத்தானுங்க நாங்க மருந்து கேட்டுட்டு இருக்கறோம். நீங்க அதையே தேடி வந்திருக்கறீங்க?" தக்காளி போட்டிருந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டது இது. நியாயமான கேள்வி. அவர் சொன்னது வேர்முடிச்சு நூற்புழு. அது செடியின் வேரைக் குத்திச் சாறு உறிஞ்சும். நாம் தேடுவது வேறு இனம். அது செடியைத் தொடாது. பூச்சியின் உடம்புக்குள் புகுந்து பூச்சியைத்தான் கொல்லும். மண் எடுக்க அனுமதி கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வேலையைக் கண்டு தோட்டக்காரர் பயந்துபோவார்.

இதில் இரண்டு பேரினங்கள் முக்கியம்: ஸ்டைனர்நீமா, ஹெட்டெரோராப்டிடிஸ். இரண்டுக்கும் குடலில் ஒரு கூட்டாளி பாக்டீரியா உண்டு. ஸ்டைனர்நீமாவுக்கு ஜெனோராப்டஸ், ஹெட்டெரோராப்டிடிஸுக்கு போட்டோராப்டஸ். மண்ணில் அலைவது 'தொற்றும் இளம்புழு' என்ற ஒரே ஒரு பருவம்தான். நீளம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், சில இனங்களில் ஒரு மில்லிமீட்டர். இந்தப் பருவத்தில் அது எதையும் தின்னாது. பூச்சியைக் கண்டதும் வாய், ஆசனவாய், மூச்சுத்துளை வழியாக உள்ளே நுழையும். ஹெட்டெரோராப்டிடிஸுக்குச் சின்னதாக ஒரு பல் இருப்பதால் மெல்லிய தோலையும் கிழித்து நுழைந்துவிடும். உள்ளே போனதும் பாக்டீரியாவைக் கக்கும். பூச்சி பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்தில் செத்துவிடும். அந்தச் சடலத்தைத் தின்று இரண்டு, மூன்று தலைமுறை பெருகி, தீனி தீர்ந்ததும் புதிய இளம்புழுக்கள் லட்சக்கணக்கில் வெளியேறி அடுத்த பூச்சியைத் தேடும்.

கடையிலேயே வாங்கலாமே, ஏன் தேட வேண்டும் என்று கேட்பார்கள். வாங்கலாம்தான். பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகாவைப் பொடி வடிவில் தயாரிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. ஆனால் அந்த 'இண்டிகா' எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1992-இல் போய்னர், கருணாகர், டேவிட் மூவரும் அதைப் புதிய இனமாக விவரித்தது கோயம்புத்தூரில் கிடைத்ததை வைத்துத்தான். குளிர் நாட்டு இனங்கள் சோர்ந்துபோகும் வெயிலை இது தாங்குகிறது. நம் பக்கத்து மண்ணில் யாரோ தேடியதால்தான் அது கிடைத்தது. உங்கள் ஊர்ச் செம்மண்ணின் வெப்பத்துக்கும் வறட்சிக்கும் பழகிய இன்னொரு வகை, உங்கள் வரப்போரத்திலேயே இருக்கக்கூடும். அதைத் தேடாமல் விட்டால் இருப்பது தெரியாமலே போய்விடும்.

படி 1: எங்கே, எப்போது

மண் எடுக்கும் திட்டத்தில்தான் பாதி வெற்றி இருக்கிறது. மைக்ரோஸ்கோப் பிறகு வந்தால் போதும்.

நூற்புழுக்கள் மண்ணில் சமமாகப் பரவியிருக்காது. ஒரு புழு செத்த இடத்தில் லட்சக்கணக்கில் இருக்கும், இரண்டு அடி தள்ளி ஒன்றுகூட இருக்காது. அதனால் ஒரு ஏக்கர் முழுக்கச் சுற்றி எடுத்த மண்ணை ஒரே மூட்டையில் கலந்து ஒரு மாதிரி பார்ப்பது வீண். மண்வளப் பரிசோதனைக்கு அந்த முறை சரி. இதற்கு அல்ல. நான் செய்வது இப்படி: ஒரு களத்தில் ஐந்து புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் கை எட்டும் தூரத்துக்குள் மூன்று இடத்தில் மண் எடுத்து, அந்த மூன்றை மட்டும் கலந்து ஒரு பை. ஐந்து புள்ளிக்கு ஐந்து பை, ஐந்தையும் தனித்தனியாகவே சோதிக்க வேண்டும். 12 களம் என்றால் 60 பை. முதல் கணக்கெடுப்புக்கு இது நல்ல அளவு.

அந்த 12 களத்தையும் விதவிதமாகத் தேர்ந்தெடுங்கள். கரும்பு, வாழை, மஞ்சள், தென்னந்தோப்பு எனப் பயிர் வாரியாக சில. உழவே படாத வரப்பு, வாய்க்கால் கரை, கோயில் தோப்பு, புங்கமர நிழல் என்று சில. உழவு படாத மண்ணை நிச்சயம் விடாதீர்கள். அங்கே வெயிலும் கலப்பையும் குருணை மருந்தும் படுவதில்லை, பூச்சிகளும் வகைவகையாக இருக்கும். வேப்பமரத்தடியும் அப்படித்தான். வேர்ப்புழு வண்டு மேய வரும் மரம் என்பதால் அதைச் சுற்றியுள்ள மண் நல்ல இடம். கடற்கரை மாவட்டக்காரர்கள் மணற்பாங்கான தென்னந்தோப்பைக் கட்டாயம் பாருங்கள். உலகம் முழுக்க ஹெட்டெரோராப்டிடிஸ் கடலோர மணலில் அடிக்கடி கிடைத்திருக்கிறது. தண்ணீர் தேங்கி நிற்கும் நெல் வயலில் காற்றோட்டம் இல்லாததால் வாய்ப்புக் குறைவு. இறுகிய கரிசலில் இளம்புழு நகர இடம் இருக்காது. மணல் கலந்த செம்மண்ணே மேல்.

காட்டு மண் எடுக்க ஆசை வரும். சத்தியமங்கலம், முதுமலை போன்ற இடங்களில் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு பிடி மண்ணும் எடுக்கக் கூடாது.

காலம் என்று பார்த்தால் புரட்டாசி பின்பாதி முதல் கார்த்திகை வரை நல்லது. மண்ணில் ஈரம் இருக்கும், வேர்ப்புழுவும் கொழுத்த மூன்றாம் பருவத்தில் இருக்கும். அடைமழை பெய்து மண் சொதசொதவென்று இருக்கும்போது வேண்டாம். மழை விட்டு இரண்டு, மூன்று நாள் கழித்துப் போங்கள். கோடையில் எடுக்க வேண்டியிருந்தால் பாசனம் நடக்கும் இடத்தில் மட்டும் எடுங்கள்.

படி 2: மண் எடுத்தல்

மேல்மண்ணில் கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுங்கள். மண் துளைப்பான் இருந்தால் நல்லது, களைக்கொத்தே போதும். செடியின் வேர் படர்ந்த இடமாக இருக்கட்டும். பை ஒன்றுக்கு அரைக் கிலோ. கல், தடித்த வேர் இவற்றைக் கையால் பொறுக்கிவிடுங்கள், சலிக்க வேண்டாம். அடுத்த களத்துக்குப் போகுமுன் கொத்தைக் கழுவி, 70 சதவீத ஸ்பிரிட்டால் துடையுங்கள். இதை மறந்தால் ஒரு களத்தின் நூற்புழு அடுத்த களத்தில் 'கிடைத்ததாக' ஆகிவிடும்.

தோண்டும்போது செத்த புழு, கூட்டுப்புழு கண்ணில் பட்டால் தனிக் குப்பியில் போடுங்கள். இயற்கையில் செத்த பூச்சியிலிருந்தே நூற்புழு கிடைத்தால் அதற்கு மதிப்பு அதிகம். எந்தப் பூச்சியைக் கொல்லும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, நேரம், போனில் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, பயிர், அதன் வயது, கடைசியாகத் தண்ணீர் பாய்ச்சிய நாள், ஆறு மாதத்துக்குள் போட்ட பூச்சிமருந்து, குறிப்பாகக் குருணை மருந்து, 10 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம், மண்ணின் நிறமும் தன்மையும், கண்ட பூச்சிகள். வெப்பமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். எந்த வெப்பத்தில் உயிரோடு இருந்தது என்ற தகவல் பின்னால் பொன்னாகப் பயன்படும்.

அப்புறம், வெயில். ஒரு பங்குனியில் 20 பைகளை பைக்கின் பக்கப் பெட்டியில் வைத்துவிட்டு, ஓரிடத்தில் பேசிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றுவிட்டேன். ஒரு பையிலும் எதுவும் கிடைக்கவில்லை. அதே இடங்களுக்கு ஐப்பசியில் தெர்மாகோல் பெட்டியோடு போனபோது மூன்றில் கிடைத்தது. காலம் மாறியதும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனாலும் அன்றிலிருந்து பெட்டி இல்லாமல் நான் கிளம்புவதில்லை. பெட்டிக்குள் ஈரச் சாக்கு விரித்து, பைகளை அடுக்கி, நிழலில் வையுங்கள். ஐஸ் கட்டியின்மேல் நேரடியாக வைக்காதீர்கள். நம் ஊர் நூற்புழுவுக்குக் கடுங்குளிரும் ஆகாது. 15 முதல் 25 டிகிரிக்குள் வைத்து, ஒரு வாரத்துக்குள் சோதனையைத் தொடங்கிவிடுங்கள்.

படி 3: தூண்டில் புழு

மண்ணிலிருந்து நூற்புழுவை நேரடியாகப் பொறுக்க முடியாது. மண்ணுக்குள் ஒரு பூச்சியைத் தூண்டிலாக விட்டு, அதற்குள் எது நுழைகிறதோ அதைப் பிடிக்க வேண்டும். பெட்டிங், அக்ஹர்ஸ்ட் இருவரும் 1975-இல் விவரித்த இந்த முறையைத்தான் இன்றும் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். அவர்கள் பயன்படுத்தியது மெழுகு அந்துப்பூச்சியின் புழு. தேனீ வளர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த எதிரி. கைவிட்ட அடையைத் தின்று வலை பின்னி நாசம் செய்யும்.

தேனீ வளர்ப்பவரிடம் கேட்டால் புழு பிடித்த பழைய அடை ஒன்றைக் கொடுப்பார். காற்றோட்டத்துக்கு மெல்லிய கம்பி வலை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து வளருங்கள். துணி வேண்டாம், கடித்து ஓட்டை போட்டுவிடும். அடை தீர்ந்தால் சோளமாவு, கோதுமைத் தவிடு, பால்பவுடர், ஈஸ்ட் இவற்றைத் தேனும் கிளிசரினும் விட்டுப் பிசைந்து, புட்டு மாவுபோல் உதிரியாக்கிப் போடலாம். 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில் ஒன்றரை மாதத்தில் ஒரு சுற்று முடியும். கூடு கட்டுவதற்குச் சற்று முந்தைய, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த, வெளுத்த, துறுதுறுப்பான புழுக்களே தூண்டிலுக்கு வேண்டும். அந்துப்பூச்சி வெளியே தப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தேனீப் பெட்டி இருந்தால் பெரிய பாவம்.

இது கிடைக்காவிட்டால் கார்சைரா இருக்கிறது. பூச்சிகளின் முட்டையை அழிக்கும் முட்டை ஒட்டுண்ணியைத் தயாரிக்கும் கூடங்களில் உடைத்த கம்பில் வளர்க்கிறார்களே, அந்த அரிசி அந்துப்பூச்சிப் புழு. சிறியது, அதனால் நூற்புழு குறைவாகவே பெருகும். ஆனாலும் தூண்டிலுக்குப் பழுதில்லை. இரண்டையும் போட்டால் சில சமயம் ஒன்றில் கிடைக்காதது மற்றதில் கிடைக்கும்.

எத்தனை புழு வேண்டும் என்று முன்பே கணக்குப் போடுங்கள். 60 பை, பைக்கு 5 புழு, இரண்டு சுற்று என்றால் 600. ஒப்பீட்டுக்கும் உறுதிச் சோதனைக்கும் சேர்த்து 750 கையில் இருக்க வேண்டும். மண் எடுத்துவிட்டுப் புழுவுக்கு அலைவதைவிட, புழு தயாரான பிறகு மண் எடுக்கக் கிளம்புவது நல்லது.

படி 4: தூண்டில் வைத்தல்

மூடியில் குண்டூசித் துளை போட்ட சின்ன டப்பாவில் 200 முதல் 250 கிராம் மண்ணைப் போடுங்கள். ஈரம் சரிபார்க்கும் வழி எளிது: கையில் பிடித்தால் மண் உருண்டையாக வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. காய்ந்திருந்தால் கொதித்து ஆறிய தண்ணீரைத் தெளியுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

ஐந்து புழுக்களை மெல்லிய கம்பி வலையில் பொட்டலமாக மடித்து மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். வலை இல்லாமல் போட்டால் சில புழுக்கள் மேலே ஏறி மூடியில் கூடு கட்டிக்கொள்ளும். டப்பாவை இருட்டில், 25 டிகிரி அளவில் வையுங்கள். வீட்டின் குளுமையான மூலையே போதும். நாளுக்கொரு முறை டப்பாவைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள்.

கூடவே ஒப்பீட்டு டப்பாக்கள் நாலைந்து வேண்டும். அதே மண்ணை ஈரமாகப் பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் வேகவைத்து ஆறவிட்டு, அதில் ஐந்து ஐந்து புழுக்கள். இதிலும் புழுக்கள் சாகுமானால் உங்கள் புழுவோ டப்பாவோ சரியில்லை, அந்தச் சுற்றின் முடிவுகளை நம்பாதீர்கள்.

மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள் திறந்து பாருங்கள். செத்ததை எடுத்துவிட்டு அதன் இடத்தில் புதிய புழு வையுங்கள். பத்து நாள் முடிந்ததும் அதே மண்ணில் ஐந்து புதுப்புழுவோடு இரண்டாம் சுற்று. இளம்புழுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தாக்குவதில்லை, சில உறங்கிக் கிடக்கும். முதல் சுற்றில் வெறுமையாக இருந்த மண் இரண்டாம் சுற்றில் கொடுத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 5: செத்த புழுவைப் படித்தல்

இங்கேதான் பழகிய கண் வேண்டும். அவசரப்படாதீர்கள்.

செங்கல் சிவப்பு, கருஞ்சிவப்பு, சில சமயம் ஆரஞ்சு, உடம்பு துவண்டிருக்கும், வாடை இல்லை: ஹெட்டெரோராப்டிடிஸாக இருக்க வாய்ப்பு அதிகம். வெண்மஞ்சள், காவி, பழுப்பு, கருஞ்சாம்பல்: ஸ்டைனர்நீமாவாக இருக்கலாம். கறுத்துக் கூழாகி மூக்கைத் துளைக்கும் நாற்றம் அடித்தால் சாதாரண அழுகல். கல்போல் விறைத்து, மேலே வெள்ளைப் பூசணமோ பச்சைப் பூசணமோ படர்ந்திருந்தால் அது பூச்சியைக் கொல்லும் பூசணம். அதுவும் நல்ல விஷயம்தான், தனியாக எடுத்து வையுங்கள், ஆனால் நூற்புழுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு பொறி இருக்கிறது. செர்ரேஷியா என்ற பாக்டீரியாவும் புழுவைச் சிவப்பாக்கிக் கொல்லும். அதைப் பார்த்து ஹெட்டெரோராப்டிடிஸ் கிடைத்துவிட்டதாக எழுதிவிடுவார்கள். அதைப் பிரித்தறிய ஓர் அருமையான வழி உண்டு. புழு செத்த இரண்டாம், மூன்றாம் நாள் இரவில், ஜன்னலையெல்லாம் மூடி, போனையும் அணைத்துவிட்டு, சடலத்தை முன்னால் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும், புழுவின் உடம்பு முழுவதும் மங்கலான பச்சை வெளிச்சம் தெரியும். மின்மினியைப்போல் விட்டுவிட்டு மின்னாது, ஒரே சீராக ஒளிரும். நேராக உற்றுப் பார்த்தால் மறைவதுபோல் இருக்கும், சற்றே பக்கவாட்டில் பார்த்தால் நன்றாகத் தெரியும். ஒளிர்வது போட்டோராப்டஸ். செர்ரேஷியா ஒளிராது. முதல்முறை பார்த்தபோது என்னோடு இருந்த பள்ளிப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. ஒளி தெரியவில்லை என்பதற்காகச் சடலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்டைனர்நீமாவின் பாக்டீரியா ஒளிராது.

படி 6: வெளியேறும் நூற்புழுக்களைப் பிடித்தல்

1927-இல் ஒயிட் என்பவர் சொன்ன எளிய பொறி இது. ஒரு பெரிய பெட்ரி தட்டு, அதற்குள் கவிழ்த்த சின்ன மூடி, மூடியின்மேல் வடிதாள். தட்டில் கொதித்து ஆறிய தண்ணீர் விட்டு, வடிதாளின் விளிம்பு மட்டும் தண்ணீரைத் தொடும்படி வையுங்கள். தாள் மூழ்கக் கூடாது. சடலத்தைச் சுத்தத் தண்ணீரில் அலசி, தாளின்மேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, மேல் மூடி போட்டு இருட்டில் வையுங்கள். பெட்ரி தட்டு இல்லாவிட்டால் எவர்சில்வர் தட்டும் ஊறுகாய் பாட்டில் மூடியும் போதும்.

புழு செத்து எட்டு முதல் பதினைந்து நாளுக்குள் இளம்புழுக்கள் ஈரத் தாள் வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும். தட்டைக் கறுப்புத் துணிமேல் வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீருக்குள் பட்டு இழை கலைந்ததுபோல ஒரு மினுமினுப்பு நெளியும். அதுதான். நாளுக்கொரு முறை அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். எடுத்ததை உயரமான கண்ணாடி டம்ளரில் அரை மணி நேரம் விட்டால் நூற்புழு அடியில் படியும், மேல்தண்ணீரை மெதுவாக இறுத்துவிடுங்கள். தெளியும் வரை மூன்று தடவை செய்யுங்கள்.

சேமிக்கும்போது தண்ணீரின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். ஆழமாக ஊற்றி வைத்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். வெப்பம் 15 டிகிரி. வீட்டு ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் இண்டிகா தாங்காது. அந்த வசதி இல்லாதவர்கள் மாதம் ஒருமுறை புதுப்புழுவில் ஏற்றி இறக்கி உயிரோடு வைத்துக்கொள்ளலாம்.

படி 7: இதுதான் கொன்றதா?

தட்டில் நூற்புழு நெளிகிறது என்பதாலேயே அது பூச்சியைக் கொன்றது என்று ஆகிவிடாது. மண்ணில் அழுகலைத் தின்னும் நூற்புழுக்கள் ஏராளம். செத்த புழுவில் அவையும் வந்து பெருகும். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு எழுதப்படும் எண்ணிக்கையை நான் நம்புவதில்லை.

பெட்ரி தட்டில் ஈர வடிதாள் விரித்து, 10 ஆரோக்கியமான புழுக்களை விட்டு, புழுவுக்கு 50 வீதம் 500 இளம்புழுக்களை ஊற்றுங்கள். இன்னொரு தட்டில் வெறும் தண்ணீர். மூன்று நாளுக்குள் முதல் தட்டுப் புழுக்கள் அதே நிறத்தில் செத்து, அவற்றிலிருந்து மறுபடியும் அதே இளம்புழுக்கள் இறங்கினால் உறுதி. இதை இரண்டு தடவை செய்துவிட்டால் கலப்படமும் பெரும்பாலும் போய்விடும்.

எண்ணும் முறை: கலக்கிக்கொண்டே 1 மில்லி எடுத்து, தண்ணீர் சேர்த்து 10 மில்லியாக்குங்கள். அதில் 0.1 மில்லியை ஒரு கண்ணாடித் துண்டில் விட்டு, 20 மடங்கு பெருக்கும் மைக்ரோஸ்கோப்பில் எண்ணுங்கள். ஐந்து தடவை எண்ணிச் சராசரி எடுங்கள். சராசரி 42 என்றால், நீர்த்த கரைசலில் மில்லிக்கு 420, மூலக் கரைசலில் 4,200. மொத்தம் 100 மில்லி இருந்தால் 4.2 லட்சம்.

படி 8: உண்மையான எதிரியிடம் விட்டுப் பார்த்தல்

மெழுகுப் புழு எளிதில் சாகும். அதனால்தான் அது நல்ல தூண்டில். வேர்ப்புழு அப்படியல்ல. அதன் மூச்சுத்துளையில் சல்லடை மூடியிருக்கும், அடிக்கடி கழிவு வெளியேற்றும், உடம்பில் ஏறும் நூற்புழுவைத் தேய்த்து உதறும். கிருமிகளுக்கு நடுவே மண்ணிலேயே வாழ்ந்து பழகியது. ஆகவே தனித்தனி கப்பில் 200 கிராம் வேகவைத்த மண், ஒரு வேர்ப்புழு, தின்னக் கேரட் துண்டு வைத்து, கப்புக்கு 100, 500, 1,000 என்று மூன்று அளவில் நூற்புழு விட்டு மூன்று வாரம் பாருங்கள். நூற்புழு விடாத கப்புகளும் இருக்கட்டும். அளவுக்குப் பத்து கப்பாவது வேண்டும்.

வயலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு சதுர சென்டிமீட்டருக்கு 25 இளம்புழு, அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 100 கோடி. ஒரு மெழுகுப் புழுவில் 2 லட்சம் கிடைக்கிறது என்று வைத்தாலும் 5,000 புழு வேண்டும். ஆகவே முதல் வருடமே ஏக்கர் கணக்கில் ஆசைப்படாதீர்கள். நூற்புழு ஏறிய சடலங்களையே, சாயங்கால வேளையில், தண்ணீர் பாய்ச்சிய மண்ணில், பாதிக்கப்பட்ட தூர்களின் வேரருகே புதைத்து, அந்தப் பத்துப் பதினைந்து தூர்களை மட்டும் கவனியுங்கள்.

படி 9: பெயரும் பதிவும்

இனத்தின் பெயரைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பேரினம் வரை நிறமும் ஒளியும் சொல்லும், அதற்கு மேல் டி.என்.ஏ. வரிசை பார்க்க வேண்டும். உறுதிசெய்த நூற்புழுக்களில் ஒரு பகுதியை 95 சதவீத எத்தனாலிலும், ஒரு பகுதியை ஈரப் பஞ்சில் உயிரோடும் வைத்து, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறையையோ பெங்களூரு பணியகத்தையோ முன்கூட்டியே தொடர்புகொண்டு அனுப்புங்கள். உயிருள்ள நூற்புழுவை வெளிநாட்டுக்கு அனுப்பவோ, வணிகமாக்கவோ நினைத்தால் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் குறுக்கே வரும். அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். தோட்டத்துக்காரரின் பெயர் இல்லாமல் ஊர் அளவில் பதிவை வெளியிட்டாலும், எந்த மண்ணில் கிடைத்தது என்பதை அவருக்கு நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். அவர் வரப்பில் கிடைத்தது அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

60 பையில் நாலைந்தில் கிடைத்தால் அது நல்ல கணக்கெடுப்பு. நூற்றுக்கு ஒற்றை இலக்கத்தில் கிடைப்பது சகஜம். கிடைக்காத 55 பைகளின் விவரத்தையும் அதே அக்கறையோடு எழுதி வையுங்கள். எந்த மண்ணில், எந்த வெப்பத்தில், எந்த மருந்து போட்ட தோட்டத்தில் இல்லை என்பது அவற்றில்தான் இருக்கிறது. கிடைத்த புள்ளிகளில் ஒரு கல் நட்டு அடையாளம் வையுங்கள். சித்திரைக் கோடை மழைக்குப் பின் ஒருமுறையும், அடுத்த ஐப்பசியில் ஒருமுறையும் அதே கல்லருகே மண் எடுத்து, அதேபோல் ஐந்து புழுக்களைத் தூண்டிலாக வைத்துப் பாருங்கள்.